சாவி தீர்ந்தால் பெட்டி நிற்கட்டும்

கேள்வி: எங்கள் மகளுக்கு ஏழு மாதம். பிறந்தபோது நண்பர் ஒருவர் சாவி கொடுத்தால் பாடும் இசைப்பெட்டி ஒன்றைப் பரிசாகத் தந்தார். மூன்றாம் மாதத்திலிருந்து அதைக் கேட்டுத்தான் தூங்கினாள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இரவில் அடிக்கடி விழித்து, மறுபடி சாவி கொடுத்தால்தான் அடங்குவாள் என்றாகிவிட்டது. நான்கைந்து முறை எழுந்து எழுந்து அலுத்துப்போய், எட்டு மணி நேரம் ஓடும் இசைப்பெட்டித் தாலாட்டுப் பதிவு ஒன்றைக் கைபேசியில் போட்டுத் தொட்டிலுக்குள் அவள் தலைமாட்டில் வைத்துவிடுகிறோம். இப்போது ஓரளவு தூங்குகிறாள். எனக்கும் அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை. என் கணவருக்கோ அந்த மெட்டு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறதாம். பாதி இரவு விழித்துக் கிடக்கிறார். இது குழந்தையின் காதைக் கெடுக்குமா? விட முடியாத பழக்கமாகிவிடுமா? பெரியவர்களுக்கு உண்மையில் பலன் உண்டா? மாமியார், "நீயே பாடேன்" என்கிறார். எனக்குப் பாட வராது. கடைசியாக ஒன்று: பழைய பெட்டியில் ஒரு பல் ஒடிந்துவிட்டது. அந்தச் சுரம் வரவேண்டிய இடத்தில் சத்தமில்லை. என்னையும் அறியாமல் நானே முனகி நிரப்பிவிடுகிறேன். பெட்டியை மாற்ற வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் செய்யத் தோன்றியது, பதில் எழுதுவதற்கு முன்பே உங்களைக் கூப்பிட்டு, "கைபேசியைத் தொட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று சொல்வதுதான். அதை இன்றிரவே செய்யுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

காரணம் ஒன்றல்ல. ஒரு வயது நிறையும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் உறுதியான, சமதளமான மெத்தையும் இறுக்கமான விரிப்பும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. தலையணை, பொம்மை, கைபேசி, இசைப்பெட்டி எல்லாமே இதில் அடக்கம். மின்னேற்றும் கம்பி கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடியது. கயிற்றை இழுத்தால் பாடும் வகைப் பெட்டிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. தொட்டிலுக்கு மேல் தொங்கிச் சுழலும் இசைப் பொம்மைகளை, குழந்தை கையூன்றி எழத் தொடங்கியதும் அல்லது ஐந்து மாதம் ஆனதும், எது முதலில் வருகிறதோ அப்போதே கழற்றிவிட வேண்டும். பொத்தான் பேட்டரியில் ஓடும் மலிவான பெட்டி வீட்டில் இருந்தால் அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியதா என்று பாருங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கிய குழந்தைக்கு உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே வெந்து புண்ணாகிவிடக்கூடும்.

அடுத்தது காது. குழந்தைகளைத் தூங்கவைப்பதற்கென்றே விற்கப்படும் 14 ஒலிக் கருவிகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் வெளியானது. முழுச் சத்தத்தில் வைத்து 30 சென்டிமீட்டர் தொலைவில் அளந்தபோது பதினான்கும் 50 டெசிபலைத் தாண்டின. மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் அறைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு அந்த 50தான். மூன்று கருவிகள் 85ஐயும் தாண்டின. அது தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கும் அளவு. தலைமாட்டில் கைபேசி என்பது 30 சென்டிமீட்டர்கூட இல்லை. நீங்கள் முழுச் சத்தத்தில் வைத்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் எட்டு மணி நேரம் என்பது எட்டு மணி நேரம்தான்.

தொலைவு இரட்டிப்பானால் திறந்த வெளியில் ஒலி சுமார் 6 டெசிபல் இறங்கும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அந்த அளவுக்கு இறங்காது, இருந்தாலும் இறங்கும். ஆகவே எந்த இசையானாலும் தொட்டிலிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும். சத்தத்தை அளக்கக் கருவி தேவையில்லை. தொட்டில் அருகே குனிந்து நின்று உங்கள் கணவரிடம் ரகசியம் பேசுவதுபோல் ஏதாவது சொல்லுங்கள். இசையைத் தாண்டிக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் சத்தம் அதிகம். அவ்வளவுதான்.

இதுவரை நடந்ததால் காது கெட்டிருக்குமோ என்று பயப்படாதீர்கள். பெயர் சொன்னால் திரும்புகிறாளா, நீங்கள் கண்ணில் படாமல் பேசினாலும் தேடுகிறாளா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுச் செவித்திறன் சோதனை செய்துகொள்ளலாம், வலியில்லாத சோதனை.

இனி பெட்டிக்கு வருவோம். என் மேசைமேல் ஒன்று இருக்கிறது, கைக்கு அடக்கமானது. மூடியைத் திறந்தால் பெருவிரல் அளவில் ஒரு பித்தளை உருளை, அதன்மேல் மயிர்க்கால்போல் முட்கள். பக்கத்தில் எஃகுச் சீப்பு. உருளை சுற்றும்போது ஒவ்வொரு முள்ளும் ஒரு பல்லைத் தூக்கி விடுகிறது. நீளப் பல் தாழ்ந்த சுரம், குட்டைப் பல் உயர்ந்த சுரம். 1796இல் ஜெனீவாவில் அந்த்வான் ஃபாவ்ர் என்ற கடிகாரக்காரர் கண்ட வழி இது. கடிகாரத்துக்குள் குட்டி மணிகளை அடுக்க இடமில்லாமல் அல்லாடியவர், மணிக்குப் பதில் எஃகு நாக்குகளை மீட்டலாம் என்று கண்டுகொண்டார். இன்று கடைகளில் கிடைக்கும் சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் 18 பற்கள். உருளை ஒருமுறை சுற்றி முடிக்க இருபது விநாடிகூட ஆகாது; அந்த இருபது விநாடிதான் முழுப்பாட்டு. சாவி கொடுத்தால் இரண்டு மூன்று நிமிடம் அதையே திரும்பத் திரும்பப் பாடும்.

முடிவில் என்ன ஆகிறது என்று கவனித்திருப்பீர்கள். சுருள்வில் தளரத் தளர வேகம் குறைகிறது. சுரங்களுக்கிடையே இடைவெளி விரிகிறது. அடுத்த சுரம் வருமா வராதா என்று நினைக்கும்போது ஒன்று விழும், பிறகு ஒன்றுமில்லை. எந்த இசையமைப்பாளரும் திட்டமிடாத முடிவு அது, ஆனால் தூக்கத்துக்குப் போகும் மனிதனின் மூச்சு தளர்வதை அப்படியே ஒத்திருக்கும். இத்தனை வருடங்களாக இசைச் சிகிச்சை செய்துவரும் நான் இசைப்பெட்டியில் மெச்சுவது இந்த ஒன்றைத்தான்: அது நின்றுவிடும். உங்கள் கைபேசிப் பதிவு அந்த நற்குணத்தை எடுத்துவிட்டு, மீதியை எட்டு மணி நேரத்துக்கு இழுத்திருக்கிறது.

மகள் ஏன் விழிக்கிறாள் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பெரியவர்களின் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. கைக்குழந்தைக்கு அது 50, 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோரும் லேசாக விழிக்கிறோம், புரண்டு படுக்கிறோம், காலையில் அது நினைவில் இருப்பதில்லை. நீங்கள் கூடத்தில் விளக்கு எரிய, பேச்சுக்குரல் கேட்கக் கண்ணயர்ந்தீர்கள் என்று வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கண் திறந்தால் கும்மிருட்டு, ஆளரவம் இல்லை. மறுபடி கண்ணை மூடிக்கொள்வீர்களா, திடுக்கிட்டு எழுந்து உட்காருவீர்களா? இசை ஒலிக்கும்போது தூங்கிப்போன குழந்தை, இசையில்லாத அறையில் விழித்தால் அதைத்தான் செய்கிறது. மூன்று நிமிடப் பெட்டி ஓடும்போதே அவள் தூங்கிவிட்டதுதான் சிக்கலின் தொடக்கம். நல்ல விஷயமாகத்தானே தெரிந்திருக்கும்!

பழியெல்லாம் பெட்டிக்கே உரியது என்றும் சொல்லமாட்டேன். ஐந்து மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் குழந்தை உருள்கிறது, உட்காருகிறது, அம்மா அறையை விட்டுப் போனாலும் எங்கோ இருக்கிறாள் என்பதைப் புரிந்துகொள்ளத் தொடங்குகிறது. எங்கோ இருக்கிறாள் என்று தெரிந்தால் கூப்பிடத்தானே செய்யும். இரவில் பசித்து எழுகிற குழந்தைகளும் இந்த வயதில் உண்டு; அவளுக்குப் பசியென்றால் பாலைக் கொடுங்கள், இசைக் கணக்கை அப்போது பார்க்க வேண்டாம்.

பழக்கத்தை எப்படி மாற்றுவது? ஒரே இரவில் நிறுத்தவேண்டாம் என்பது என் கருத்து. நிறுத்திவிடலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் தெரியும் களைப்புக்கு அது சரிப்படாது. முதல் இரண்டு மூன்று இரவுகள் அதே பதிவு, ஆனால் அறையின் மறுபக்கத்தில், தணிந்த சத்தத்தில். அடுத்த சில இரவுகள் அது ஒரு மணி நேரத்தில் தானே அணைந்துவிடும்படி வையுங்கள். பிறகு அரைமணி, பிறகு கால்மணி. இடையில் விளம்பரம் குறுக்கிடாத பதிவாக இருக்கட்டும். நள்ளிரவில் திடீரென்று சோப்பு விற்கும் குரல் கேட்டு அலறிய குழந்தைகளைப் பற்றி எனக்கு வந்த கடிதங்கள் ஏராளம். திரையைக் கவிழ்த்து வையுங்கள்.

கால்மணிக்கு வந்ததும் கைபேசிக்கு விடை கொடுத்துவிட்டுப் பெட்டியை மறுபடி எடுங்கள். ஆனால் இப்போது அதன் வேலை வேறு. உடை மாற்றி, விளக்கைத் தணித்து, மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது சாவி கொடுங்கள். சாவி திருகும் 'கிர்க் கிர்க்' சத்தம்கூட அவளுக்கு ஒரு செய்திதான்: இனித் தூக்கம். பெட்டி ஓடி, தளர்ந்து, நிற்கட்டும். நின்ற பிறகு, கண் சொருகினாலும் இன்னும் விழித்திருக்கும்போதே, மல்லாக்கத் தொட்டிலில் விடுங்கள். நிசப்தத்தில் தூங்கக் கற்றுக்கொண்டவள் நிசப்தத்தில் விழித்தால் திடுக்கிட மாட்டாள். இரவில் முனகினால் உடனே ஓடாதீர்கள். ஓரிரு நிமிடம் பொறுங்கள். பாதி முனகல்கள் தூக்கத்திலேயே வருபவை. அழுதால் போய்க் கையை நெஞ்சின்மேல் வைத்துத் தாழ்ந்த குரலில் ஏதாவது சொல்லுங்கள். சாவியை மட்டும் தொடாதீர்கள்.

ஒரு சின்ன நுட்பம். உள்ளே வெற்றிடம் உள்ள மர அலமாரிமேல் பெட்டியை வைத்தால் அலமாரியே சேர்ந்து அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கிவிடும். மடித்த துணிமேல் வையுங்கள், பாதி அடங்கிவிடும்.

உங்கள் கணவருக்கு என் அனுதாபத்தைச் சொல்லுங்கள். அவர் மிகைப்படுத்தவில்லை. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இதைத்தான் பார்த்தது: படுக்கப்போகும் முன் கேட்ட பாட்டு, தூக்கத்தில் மூளையைச் சும்மா விடுகிறதா? விடவில்லை. மெட்டு மண்டையில் ஒட்டிக்கொண்டவர்களுக்குத் தூக்கம் வரத் தாமதமானது, நடுவில் விழிப்பும் கூடியது. இதில் நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. தெரிந்த பாடல்களைச் சொற்களோடு கேட்டவர்களைவிட, சொற்களை நீக்கி வாத்திய இசையாக மட்டும் கேட்டவர்களுக்கே மெட்டு அதிகம் ஒட்டியது. சொல்லில்லாத இசைதான் மனத்தை அமைதிப்படுத்தும் என்று அதுவரை பலருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். விட்டுப்போன சொற்களை மூளை தானே நிரப்பப் பார்க்கிறது என்று நினைக்கிறேன். தெரிந்த மெட்டு, சொல் கிடையாது, இருபது விநாடிக்கொருமுறை முதலிலிருந்து தொடக்கம், எட்டு மணி நேரம்: மண்டையில் மெட்டை ஒட்டவைக்க ஒரு கருவி செய்யச் சொன்னால் இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியாது.

அவருக்கு மருந்து, இசையில்லாத இரவுதான். குழந்தையின் ஏற்பாடு மாறும்வரை ஒரு வாரம் வேறு அறையில் படுக்கட்டும், இரவுப் பணியை ஆளுக்குப் பாதி இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைக்குச் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். இதையும் அதே பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்துச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, முடிக்க வேண்டியவற்றை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். மெட்டை வலுக்கட்டாயமாக விரட்டவேண்டாம், விரட்டினால் இன்னும் ஒட்டும். இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் எதையாவது படிக்கட்டும்.

உங்கள் கதை அவருடையதற்கு நேர்மாறானது. ஒரே வீட்டில் ஒரே மெட்டு ஒருவரைத் தாலாட்டுகிறது, இன்னொருவரைக் கொல்கிறது என்பதில் எனக்கு வியப்பில்லை. தூக்கமின்மைக்கு இசை கேட்பது பலன் தருமா என்று பார்த்த 13 ஆய்வுகளை, மொத்தம் 1007 பெரியவர்களை உள்ளடக்கியவற்றை, காக்ரேன் அமைப்பு 2022இல் தொகுத்து மதிப்பிட்டது. தினமும் 25 முதல் 60 நிமிடம் கேட்டவர்கள் தங்கள் தூக்கம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். 60 நிமிடம் என்பதைக் கவனியுங்கள், இரவு முழுக்க அல்ல. பெரியவர்களுக்கு நான் முதலில் எடுத்துக்கொடுப்பது இசைப்பெட்டி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் ஒலி ஊசிபோல் சுருக்கென்று தொடங்கி மெல்லத் தேய்வது. உயர்ந்த சுரங்களே மிகுதி. சிலருக்கு அது பனித்துளி, சிலருக்குப் பல் மருத்துவரின் கருவி. உங்களுக்குப் பிடித்திருக்கிறது, சரி; வேறு அறையிலோ மெல்லிய சத்தத்திலோ, அரைமணியில் தானே அணைந்துவிடும்படி கேளுங்கள். காதுக்குள் செருகும் ஒலிப்பான் வேண்டாம். குழந்தை அழுதால் கேட்க வேண்டுமே.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை என்கிறீர்கள். குழந்தை தூங்கும்போதும், வேறொருவர் பார்த்துக்கொள்ளும்போதும்கூடத் தூக்கம் வராமல் கிடக்கிறீர்களா? அதோடு காரணமில்லாத அழுகை, பயம், எதிலும் ஒட்டாத மனநிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? அப்படியென்றால் இது தாலாட்டு விஷயமே அல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம், ஏழாம் மாதத்திலும். நன்றாகக் குணமாகக்கூடியது. மருத்துவரிடம் இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளும் எண்ணமோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணமோ வந்தால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே போங்கள்.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். மாமியார் சொன்னது சரி என்று ஆலோசகர் எழுதினால் எந்த வாசகிக்கும் பிடிக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டுவதுதான் தாலாட்டு. தொட்டிலை ஆட்டுவது அப்புறம் சேர்ந்துகொண்டது. பெட்டிகளில் அதிகம் ஒலிக்கும் மெட்டுகளில் ஒன்று, ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான்னஸ் பிராம்ஸ் 1868இல் வெளியிட்டது. பெர்த்தா ஃபாபர் என்ற தோழிக்கு இரண்டாவது மகன் பிறந்ததற்காக எழுதிய பாட்டு. ஒரு குரலுக்கும் பியானோவுக்கும் எழுதியது. பெட்டி அந்தக் குரலை எடுத்துவிட்டது.

ஹார்வர்டில் 144 கைக்குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டே இராத மொழிகளின் தாலாட்டுகளையும் மற்றப் பாட்டுகளையும் போட்டுப் பார்த்தார்கள். தாலாட்டு ஒலித்தபோது இதயத்துடிப்பு கூடுதலாகத் தணிந்தது. எல்லாமே மனிதக் குரல்கள். அமெரிக்காவின் 11 மருத்துவமனைகளில் குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், பெற்றோருக்குப் பிடித்த பாட்டைத் தாலாட்டாக்கி நேரில் பாடியபோது குழந்தைகளின் இதயத்துடிப்பு தணிந்தது மட்டுமல்ல, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. பெட்டியால் முடியாத ஒன்று குரலால் முடியும்: குழந்தையைப் பார்த்துக்கொண்டே பாடுவது. அவள் கண் சொருகினால் நீங்கள் மெதுவாக்குவீர்கள். காலை உதைத்தால் அந்த அடியை மறுபடி பாடுவீர்கள். சுருதி விலகினால் அவள் குறைசொல்லப் போவதில்லை. கருவில் இருந்த கடைசி மாதங்களில் அவள் கேட்டுப் பழகியது உங்கள் குரலைத்தான், எந்த ஸ்ருதிப் பெட்டியையும் அல்ல.

ஒடிந்த பல்லுக்காகப் பெட்டியை மாற்ற வேண்டாம். ஆனால் திறந்து சரிசெய்யவும் முயலாதீர்கள். உருளையின் வேகத்தை அடக்கிவைத்திருப்பது ஒரு சின்னஞ்சிறு காற்றாடி. முறுக்கிய நிலையில் அது கழன்றுவிட்டால் சுருள்வில் முழு வேகத்தில் அவிழ்ந்து, முட்களும் பற்களும் சேர்ந்து நொறுங்கும். ஒடிந்த துண்டு உள்ளே கிடக்கிறதா என்று குலுக்கிப் பாருங்கள். உறையில் விரிசல் இருந்தால் மட்டும் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மற்றபடி, அந்தச் சுரம் விடுபடும் இடத்தில் ஒவ்வொரு முறையும், சரியான நேரத்தில், சரியான சுரத்தை நீங்களே முனகி நிரப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். பாட வராது என்று மேலே இரண்டு வரி முன்னால் எழுதியவரும் நீங்கள்தானே?